நீர் கோக்கும் உறைகள்: சிராங்கூன் சாலையில் ஒரு மனையின் கதை



தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலையில் வடக்கே நடந்து பாருங்கள். வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில், வடபத்திர காளியம்மன் கோயில் என ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனால் கதவு எண் 705-ல் குவோங் வாய் ஷியூ மருத்துவமனை வரும். 1910-ல் கேண்டனீஸ் வணிகர்கள் தங்கள் ஊர்க்கார ஏழைகளுக்காகத் தொடங்கியது. பின்னாளில் எல்லா இனத்தாருக்கும் கதவு திறந்தது. அதற்கு முன்பு, 1860-களின் தொடக்கத்திலிருந்து 1909 வரை, அதே மனையில் இருந்தது டான் டொக் செங் மருத்துவமனை. 1844-ல் பெர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஏழைகள் மருத்துவமனை இங்கே இடம்பெயர்ந்து, அரை நூற்றாண்டு இருந்துவிட்டு, மோல்மீன் சாலைக்குப் போனது.

அந்த அரை நூற்றாண்டில் இந்த மனையில் ஏராளமான கூலித்தொழிலாளர்கள் 'பெரிபெரி' என்ற நோயால் செத்தார்கள். கால் வீங்கி, வயிறு பெருத்து, நெஞ்சுக்குள் நீர் கோத்து, மூச்சு முட்டி. பல ஆண்டுகள் கழித்து, 1982-ல், தேசிய சிறுநீரக அறநிறுவனம் தன் முதல் டயாலிசிஸ் நிலையத்தை இதே வளாகத்தில் திறந்தது. உடம்பில் தேங்கும் நீரையும் கழிவையும் ஒரு மெல்லிய சவ்வு வழியாக வெளியேற்றும் இடம் அது.

நீர் எங்கே கோக்கிறது? எந்தச் சவ்வுக்குள்? 'நெஞ்சுல தண்ணி', 'வயித்துல தண்ணி' என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நுரையீரலுக்குள்ளேயே தண்ணீர் நிற்பது வேறு, நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நிற்பது வேறு. இரண்டும் ஒன்றில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த மனையின் கதையைச் சொல்ல முடியாது. ஆகவே கொஞ்சம் உடற்கூற்றுப் பாடம் முதலில்.

ஒரு பொட்டலத் தே வாங்குங்கள். கோப்பிக் கடையில் நெகிழிப்பையில் ஊற்றி, கயிறு கட்டிக் கொடுப்பார்களே, அதுதான். ஆறவிட்டு, வாயை இறுக முடிந்துவிட்டு, உங்கள் முஷ்டியைப் பையின் ஒரு பக்கத்தில் வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். இப்போது கையைச் சுற்றிப் பையின் ஒரு மடிப்பு ஒட்டியிருக்கிறது. வெளியே இன்னொரு மடிப்பு. இரண்டுக்கும் நடுவே தே. கை பைக்குள் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் நனையவே இல்லை. சீரச் சவ்வின் அமைப்பு இதுதான். முஷ்டி என்பது இதயம், நுரையீரல் அல்லது குடல். அதை ஒட்டிய மடிப்பு உள்ளுறுப்புப் படலம். வெளியே உடற்சுவரை ஒட்டிய மடிப்பு சுவர்ப்படலம். இரண்டும் ஒரே பையின் தொடர்ச்சி. நடுவே உள்ள குழியில் தே அளவுக்கு நீர் கிடையாது. வளர்ந்த மனிதரின் நுரையீரல் உறைக் குழியில் ஓரிரு மேசைக்கரண்டிக்கு மேல் இருக்காது. உறுப்பு அசையும்போது உராயாமல் வழுக்கிச் செல்ல அவ்வளவு போதும்.

தேர்வில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'குடல் வயிற்றறை உறைக்குள் இருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். முஷ்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குடல் அந்த உறையால் போர்த்தப்பட்டிருக்கிறது. குழிக்குள் இருப்பது கொஞ்சம் நீர் மட்டும்தான். குடலை முதுகுப்புறச் சுவரோடு இணைக்கும் இரட்டை மடிப்புதான் குடல் தாங்கி. உங்கள் மணிக்கட்டு இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தக் குழாயும் நரம்பும் அதன் வழியேதான் குடலுக்குப் போகின்றன. சிறுநீரகம் போன்ற சில உறுப்புகள் உறைக்குள் தள்ளப்படவே இல்லை. பைக்குப் பின்னால் முதுகோடு ஒட்டிக் கிடக்கின்றன.

பெயர்களில் குழப்பம் வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பிளூரா, பெரிகார்டியம், பெரிடோனியம் என்று ஒலிபெயர்ப்பாகவும், நுரையீரல் உறை, இதய உறை என்று தமிழாகவும் பார்ப்பீர்கள். ஈழத்துப் பாடநூல் படித்தவர்கள் புடைச்சவ்வு என்பார்கள் முதலாவதை. மூன்றாவதைச் சுற்றுவிரி என்பார்கள். குடல் தாங்கி அவர்களுக்கு நடுமடிப்பு. எனக்குச் சுற்றுவிரி மிகவும் பிடிக்கும்: சுற்றி விரிந்து கிடப்பது, வேறு விளக்கமே வேண்டாம். ஈழத்துக்கு இந்தத் துறையில் ஒரு தலைமுறை முன்னோட்டம் உண்டு. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்துவிட்டது. சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1905-ல்தான், அதுவும் ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிப்பவர்கள் என்பதால் இந்தச் சொற்கள் தமிழ் வகுப்பில் வாசிப்புப் பகுதியில்தான் எதிர்ப்படும். எந்த வழக்கைப் பயன்படுத்தினாலும் ஒரே விடைத்தாளில் கலக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

சவ்வுகளை முதலில் முறையாக வகைப்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சவ்வுகளைப் பற்றி மட்டும் ஒரு நூல் எழுதினார். வாய், குடல்போல வெளியுலகத்தோடு தொடர்புள்ள குழிகளை மூடுபவை சளிச்சவ்வுகள், மூடிய குழிகளை மூடி மெல்லிய நீரைக் கசியவிடுபவை சீரச் சவ்வுகள், கடினமானவை நார்ச்சவ்வுகள். நுண்ணோக்கியை நம்பாமல், கையாலும் கண்ணாலும், வேகவைத்தும் ஊறவைத்தும் காயவைத்தும் பார்த்தே பிரித்தார். இன்றும் அந்தப் பிரிவு நிற்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பெண்களின் வயிற்றறை உறைக்குழி முழுக்க மூடியதல்ல. கருக்குழாயின் வாய் அதற்குள் திறக்கிறது.

முதுகெலும்புள்ள விலங்குகளில் இந்த உறைகள் எப்படி மாறுகின்றன என்பதைப் படிக்க அருங்காட்சியகம் வேண்டாம். தேக்கா சந்தையில் மீன்காரரிடம், 'அண்ணே, சுத்தம் பண்ணாம அப்படியே முழுசா குடுங்க' என்று ஒரு திலாப்பியா கேளுங்கள். வயிற்றைக் கீறினால் உள்ளே கறுப்பாக ஒரு தோல் ஒட்டியிருக்கும். 'அழுக்கு' என்று வீட்டில் தேய்த்து எடுப்போமே, அதுதான் வயிற்றறை உறையின் சுவர்ப்படலம். இதயம் அந்தக் குழியில் இருக்காது. செவுளுக்குக் கீழே, தனியாக ஒரு சின்ன அறையில் இருக்கும். மீனுக்கு இவ்வளவுதான்: இதயத்துக்கு ஒரு குழி, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு குழி. சுறாவில் இரண்டையும் இணைக்கும் சிறு கால்வாய்கூட மிச்சம் இருக்கிறது. கரு வளரும்போது எல்லாமே ஒரே உடற்குழியாகத் தொடங்கி, பிறகுதான் தடுப்புகள் எழுந்தன என்பதற்கு அது சாட்சி.

தவளைக்கு நுரையீரல் வந்துவிட்டது, ஆனால் அதற்குத் தனி அறை வரவில்லை. குடலும் நுரையீரலும் ஒரே கூடத்தில். ஊர்வனவற்றில் தடுப்புகள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன; முதலையில் ஈரலுக்கு முன்னும் பின்னும் நல்ல தடுப்புகள் உண்டு. பறவைகளில் நுரையீரல் விலா எலும்புகளோடு பதிந்துபோய், உறைக்குழி பெரும்பாலும் மறைந்துவிட்டது. காற்றுப்பைகள்தான் விரிந்து சுருங்கும். முழுக்கோழி வாங்கும்போது இதயத்தைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு பை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இதய உறை.

பாலூட்டிகளில்தான் உதரவிதானம் என்ற தசைத் தடுப்பு முழுமையாக வந்து, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்தது. இதயத்துக்கு ஒன்று, நுரையீரல்களுக்கு இடம் வலமாக இரண்டு, வயிற்றுக்கு ஒன்று. ஆண்களில் விரைகள் கீழே இறங்கும்போது வயிற்றறை உறையின் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு போகின்றன. அதில் நீர் கோப்பதைத்தான் ஊரில் 'ஓதம்' என்பார்கள். ஆட்டுக்கறிக் கடையில் குடலோடு தொங்கும் கொழுப்புச் சல்லடையும் வயிற்றறை உறையின் ஒரு மடிப்புத்தான்.

விதிவிலக்கு இங்கேயும் உண்டு. மண்டாயில் பார்க்கும் யானைக்கு நுரையீரல் உறைக்குழியே கிடையாது. இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே இணைப்புத்திசு நிறைந்து ஒட்டிக்கிடக்கிறது. 1681-ல் அயர்லாந்தின் டப்ளினில் தீயில் இறந்த ஒரு யானையை அறுத்துப் பார்த்த காலத்திலிருந்தே இது மருத்துவர்களை உறுத்தியிருக்கிறது. கருவில் இருக்கும்போது குழி இருக்கிறது, பிறகு மூடிவிடுகிறது. உடல் நீருக்குள் முழுக மூழ்கியிருக்க, தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டி மூச்சுவிடும் பழக்கத்தோடு இதை இணைத்தார் உடலியங்கியல் அறிஞர் ஜான் வெஸ்ட். நீரின் அழுத்தம் உடம்பை நெருக்க, நுரையீரலில் மட்டும் வெளிக்காற்றின் அழுத்தம் இருந்தால், மெல்லிய உறையின் நுண்குழாய்கள் தாங்காது என்பது அவர் விளக்கம். எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது. மனிதருக்கு அந்தக் குழி திறந்தே இருக்கிறது. திறந்த இடத்தில் நீர் கோக்கும்.

சரி, மீண்டும் சிராங்கூன் சாலைக்கு வருவோம்.

ஆரோக்கியமான உடம்பில் உறைகளுக்குள் நீர் கசிவதும் உறிஞ்சப்படுவதும் சதா நடந்துகொண்டே இருக்கிறது. நுண்குழாய்களுக்குள் இரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது; இரத்தத்தில் உள்ள புரதம் அதை உள்ளே இழுக்கிறது; மிஞ்சியதை நிணநீர்க் குழாய்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. இந்தக் கணக்கை 1896-ல் எழுதி வைத்தவர் லண்டனின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். இதயம் தளர்ந்தால் சிரைகளில் அழுத்தம் ஏறும். தள்ளும் பக்கம் கனத்துவிடும். முதலில் கால் வீங்கும். பிறகு வயிற்றறை உறைக்குள், நுரையீரல் உறைக்குள், கடைசியில் இதய உறைக்குள் நீர் சேரும். இதய உறையின் வெளிப்பக்கம் விறைப்பான நார், சட்டென்று விரியாது. அதற்குள் நீர் வேகமாகச் சேர்ந்தால் இதயத்தைத்தான் நசுக்கும்.

நீர்க்கோவை வகைப் பெரிபெரியில் நடப்பது இதுதான். இன்று நமக்குக் காரணம் தெரியும்: வைட்டமின் பி1, அதாவது தயமின், இல்லாமை. அது இல்லாவிட்டால் செல்கள் மாவுச்சத்திலிருந்து ஆற்றலை எடுக்க முடியாது. ஓயாமல் உழைக்கும் இதயத் தசைதான் முதலில் அடிவாங்கும். டான் டொக் செங்கின் மருத்துவர்களுக்கு அன்று இது தெரியாது. சவத்தைத் திறந்தால் உறைகளில் நீர் நிற்பதைப் பார்த்தார்கள், இதயம் பெருத்திருப்பதைப் பார்த்தார்கள். ஏன் என்றுதான் புரியவில்லை. சதுப்பு நிலத்தின் காற்று என்றார்கள், கிருமி என்றார்கள். வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அதே ஊரில், அதே வெயிலில், அதே கொசுக்கடியில் உழைத்த தமிழர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்ட் பிராடனைக் குடைந்த கேள்வி இதுதான். 1907-ல் வெளிவந்த தன் பெரிய நூலில் அவர் காட்டிய வேறுபாடு எளிமையானது. சீனத் தொழிலாளி சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. கிராமத்து மலாய்க்காரர் தன் நெல்லைத் தானே அவ்வப்போது குத்திச் சாப்பிட்டார். அவருக்கும் நோய் குறைவு. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று பிராடன் முடிவுகட்டினார். அந்த முடிவு தப்பு. ஆனால் எந்தத் தட்டைப் பார்க்க வேண்டும் என்பதைச் சரியாகச் சுட்டிவிட்டார்.

அதைச் சோதித்தவர் கோலாலம்பூரின் வில்லியம் ஃபிளெட்சர். 1905-ல், அங்குள்ள மனநோயாளர் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண் சொல்லச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு ஓர் அரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்கு மற்றது. வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. மருத்துவ வரலாற்று நூல்களில் இதை அருமையான ஒப்பீட்டுச் சோதனை என்று புகழ்வார்கள். முறையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 'சரி' என்றோ 'மாட்டேன்' என்றோ சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்கள் அந்த வரிசையில் நின்றவர்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது இரண்டாவதையும் சேர்த்தே சொல்லுங்கள். மாணவர்கள் நல்ல கேள்வி கேட்பார்கள்.

பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளர்கள் 300 பேரை இரு குழுவாக்கிப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிக் குழுவில் நோய் வந்ததும் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் இடம் மாறியது. 1909-ல் வந்த அவர்கள் அறிக்கை, அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது உமிக்கு உள்ளே இருக்கும் தவிட்டுப் படலத்தோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று சொன்னது. ஜாவாவில் கோழிகளை வைத்து எய்க்மன் ஏற்கெனவே தொட்ட இடம் அது. அந்த 'ஏதோ ஒன்று' 1926-ல் பத்தாவியாவில் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது.

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம்தான் குத்துகிறோம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டில் உள்ள தயமினில் ஒரு பகுதி நீரோடு உள்ளே இறங்கி அரிசிக்குள் தங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. தமிழர்கள் இதயத்தைக் காக்க என்று புழுக்கவில்லை. புழுக்கிய நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசி நாள்பட இருக்கும், சோறு பசி தாங்கும், பழைய சோற்றுக்கு ஒத்துவரும். பழக்கம் காப்பாற்றியது. இதைவைத்து 'எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே' என்று கட்டுரை எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். ரப்பர்த் தோட்டங்களில் அதே தமிழர்கள் மலேரியாவிலும் கொக்கிப்புழுவிலும் கும்பல் கும்பலாக மடிந்ததையும் அவர் எழுதவேண்டி வரும்.

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபோது பெரிபெரி திரும்பி வந்தது. சாங்கி முகாமில் இருந்த கைதிகளின் மருத்துவர்களுக்கு இப்போது காரணம் தெரியும், மருந்துதான் இல்லை. கால்நடைக்குப் போடும் தவிட்டைத் தேடி வாங்கிச் சாப்பிடவைத்தார்கள். வாயில் வைக்க முடியாத சுவை என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

இனி இரண்டாம் பாதி: நீரை வெளியேற்றும் கதை.

சிங்கப்பூரில் முதல் டயாலிசிஸ் 1961-ல் பொது மருத்துவமனையில் நடந்தது. அதைத் தொடங்கிவைத்த மருத்துவர் கூ ஊன் டெக்தான் 1969-ல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தை நிறுவியவர். 1982-ல் குவோங் வாய் ஷியூ வளாகத்தில் வந்தது இயந்திரவழி டயாலிசிஸ்: இரத்தத்தை வெளியே எடுத்து, செயற்கைச் சவ்வின் ஊடாக ஓடவிட்டு, திரும்பச் செலுத்துவது. ஆனால் சவ்வைத் தொழிற்சாலையில்தான் செய்யவேண்டும் என்றில்லை. வயிற்றுக்குள்ளேயே ஒன்று விரிந்துகிடக்கிறதே, சுற்றுவிரி! அதை விரித்துப் பரப்பினால் கிட்டத்தட்ட உடம்புத் தோலின் பரப்பளவு வரும். அதன் அடியில் கோடிக்கணக்கான நுண்குழாய்கள்.

இந்த எண்ணம் பழையது. 1877-லேயே ஜெர்மனியில் வெக்னர் முயல்களின் வயிற்றில் சர்க்கரைக் கரைசலை விட்டு, நீர் கூடுவதைக் கண்டார். சர்க்கரையின் அடர்த்தி இரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. நாம் மேலே பார்த்த ஸ்டார்லிங்கும் 1894-ல் இந்த உறைகளின் வழியே கரைபொருள்கள் போய்வருவதை ஆராய்ந்தார். 1923-ல் கேன்டர் என்ற ஜெர்மானியர் மனிதரில் முயன்றார். பல ஆண்டுகள் தோல்விதான், பெரும்பாலும் கிருமித்தொற்று. 1970-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் பொப்போவிச்சும் மான்கிரீஃபும் கணக்குப் போட்டு, ஒரு நாளைக்குச் சில முறை இரண்டு லிட்டர் விட்டு, மணிக்கணக்கில் வைத்திருந்து வடித்தால் போதும் என்று காட்டினார்கள். கனடாவில் ஓரியோபோலஸ் கண்ணாடிப் போத்தலுக்குப் பதில் நெகிழிப்பையைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அந்த முறை சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. இயந்திரம் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம்.

பெரிபெரியில் ஸ்டார்லிங்கின் தராசு தானாகச் சாய்ந்து உறைக்குள் நீர் கோத்தது. வயிற்றுவழி டயாலிசிஸில் நாமே சர்க்கரை போட்டுத் தராசைச் சாய்க்கிறோம். அதே உறை, அதே விதி. யூரியாவும் பொட்டாசியமும் அடர்ந்த இடத்திலிருந்து அடர்வற்ற இடத்துக்குத் தாமே கடக்கின்றன. நீர் சர்க்கரையைத் தேடி வருகிறது. பிறகு எல்லாவற்றையும் குழாய் வழியே வடித்துவிடுகிறோம். உயிரியல் தேர்வில் பரவலையும் சவ்வூடுபரவலையும் வேறுபடுத்தச் சொன்னால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது, ஒரே பைக்குள் இரண்டும் நடக்கின்றன.

இங்கே சிறுநீரகம் செயலிழப்பவர்களில் பெரும்பங்கினருக்குக் காரணம் நீரிழிவு. சிங்கப்பூரின் இனங்களில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. 2017 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் எடுத்துக்கொண்ட மூன்று பொருள்களில் இதுவும் ஒன்று. வெள்ளை அரிசியைக் குறையுங்கள் என்ற அறிவுரை மறுபடி கேட்கிறது, இந்த முறை வேறு காரணத்துக்காக. புழுங்கல் அரிசியைத் தாத்தாவோடு விட்டுவிட்டு வாசனை அரிசிக்கு மாறிய வீடுகள் நம்மில் எத்தனை?

உங்கள் வகுப்பிலும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வீட்டில் 'பை மாத்துற' பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். பாடம் நடத்தும்போது அதை மனதில் வையுங்கள். அந்த வீட்டில் சுற்றுவிரி என்பது சொல்வளப் பட்டியலில் வரும் சொல் இல்லை. கை கழுவுவது, முகக்கவசம் போடுவது, மின்விசிறியை நிறுத்துவது, கதவைச் சாத்துவது என்று நாலு முறையும் சடங்குபோல நடக்கும். குழாய் வழியே கிருமி போய்விட்டால் உறை அழற்சி. அடிக்கடி வந்தால் உறை தடித்து, வடிகட்டும் திறன் போய், இயந்திரத்துக்கு மாறவேண்டி வரும். சர்க்கரைக் கரைசலே ஆண்டுக்கணக்கில் உறையை மெல்ல மாற்றிவிடவும் செய்யும்.

தொற்று வந்துவிட்டதா என்று பார்க்க நோயாளிகளுக்கு எளிய வழி ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வடிந்த நீர் நிறைந்த பையைச் செய்தித்தாளின் மேல் வைக்க வேண்டும். நீர் தெளிவாக, இளமஞ்சளாக இருந்தால் அச்செழுத்து படிக்க வரும். தமிழ் முரசோ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸோ, எதுவானாலும் சரி. எழுத்து மங்கினால் பையைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.